டிகிரி இருக்க ரேடியன் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் ஒன் வகுப்புகளில் கோணவியல் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. வந்த கேள்விகளெல்லாம் வட்டத்தையே சுற்றுகின்றன. சரி, மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை வட்டத்திலேயே இருப்போம்.

கேள்வி: டிகிரி என்று ஓர் அளவு ஒழுங்காக இருக்கிறது. செங்கோணம் 90, முழுச் சுற்று 360, எல்லாம் முழு எண்கள். அதை விட்டுவிட்டு 57.29 என்று மனதில் நிற்காத ஓர் அளவை எதற்காகப் படிக்க வேண்டும்? – பிளஸ் ஒன் மாணவி, திருச்சி

360 என்ற எண் வட்டத்துக்குள் எங்கேயும் இல்லை. அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்களிடமிருந்து வந்து சேர்ந்தது அது. 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 என்று பலவற்றால் மீதியில்லாமல் வகுபடுவதால் வசதியாக இருக்கிறதே என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாளைக்கே உலகம் கூடி ஒரு சுற்றுக்கு 400 என்று மாற்றினாலும் வட்டத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ரேடியன் அப்படி யாரும் கூடி வைத்த கணக்கு இல்லை. வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு நூலை வைத்து, சரியாக அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இப்போது அதே நூலை விளிம்போடு ஒட்டி வளைத்து வைத்து, நூலின் இரண்டு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு போடுங்கள். மையத்தில் கிடைக்கிற கோணம்தான் ஒரு ரேடியன். டிபன் பாக்ஸ் மூடியில் செய்தாலும் கல்யாண வீட்டு அண்டாவின் வாயில் செய்தாலும் அதே கோணம்தான் வரும், கிட்டத்தட்ட 57 டிகிரி 18 நிமிடம். நூலை விளிம்பிலேயே அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போனால் ஆறு முறை வைத்த பிறகும் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்கும், நூலில் கால் பங்கைவிடச் சற்றே அதிகம். ஆறும் அந்த மிச்சமும் சேர்ந்து 6.283. அதுதான் 2π.

ஆக ரேடியனில் கோணம் சொல்வது என்றால் "வில்லின் நீளம் ஆரத்தைப் போல எத்தனை மடங்கு" என்று சொல்வது. இது பிடிபட்டுவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வில்லின் நீளம் = ஆரம் × கோணம், வேறு எதுவும் ஒட்டிக்கொள்ளாது. டிகிரியில் செய்தால் ஒவ்வொரு முறையும் π/180 என்ற வாலையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிளஸ் டூவில் வகையிடும்போது அந்த வால் இன்னும் தொல்லை தரும். சைனை வகையிட்டால் கொசைன் என்று நாம் சந்தோஷமாக எழுதுவது கோணம் ரேடியனில் இருந்தால் மட்டும்தான்.

நம் பள்ளிகளில் ரேடியன் பாடம் என்றால் முதல் நாளே ஒரு மாற்று அட்டவணை: 30 என்றால் π/6, 45 என்றால் π/4. பிள்ளைகள் அதை ஒப்பிக்கிறார்கள், பாடம் முடிந்தது. கோணத்துக்குள் ஓர் ஆரம் சுருண்டு கிடக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. உங்கள் கேள்விக்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த யோசனை மேல்நாட்டுச் சரக்கும் இல்லை. கோட்பாடாக இதை எழுதியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ரோஜர் கோட்ஸ், 1714-இல். ரேடியன் என்ற பெயர் அச்சில் வந்தது 1873-இல், பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த ஒரு தேர்வுத்தாளில். ஆனால் அதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே, 499-ஐ ஒட்டி, ஆர்யபட்டரின் சைன் அட்டவணையில் ஆரம் 3438 என்று வருகிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? சுற்றளவை 21,600 கலைகளாக (டிகிரிக்கு 60 கலை, 360 × 60) எடுத்துக்கொண்டு, ஆரத்தையும் அதே கலையில் அளந்தால் 21,600-ஐ 2π-யால் வகுக்க வேண்டும், 3438 வந்துவிடும். அதை 60-ஆல் வகுத்துப் பாருங்கள், 57.3. வில்லையும் ஆரத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது என்ற மூச்சு அதில் அப்படியே இருக்கிறது. அந்த அட்டவணையின் முதல் வரி இன்னும் அழகு. 225 கலை வில்லுக்கு சைன் மதிப்பும் 225-தான். கோணம் சின்னதாக இருந்தால் வில்லும் அரைநாணும் (அன்றைய சைன் என்பது இந்த நீளம்தான்) ஏறக்குறைய ஒன்றே.

கேள்வி: π = 180 என்று எழுதினால் எங்கள் சார் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். நியாயமா? – மாணவர், விருதுநகர்

நியாயம்தான் தம்பி. π ரேடியன் என்பது 180 டிகிரி. வெறும் π என்றைக்கும் 3.14159-தான். "π = 180" என்று எழுதிப் பழகியவர் ஒரு நாள் 7 செ.மீ. ஆரமுள்ள மூடியின் பரப்பைக் கேட்டால் 180 × 49 என்று போட்டு 8,820 சதுர செ.மீ. என்பார். சரியான விடை 154. சாரை நான் ஆதரிக்கிறேன்.

கேள்வி: சைன் 30 என்றால் அரை என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? மகனுக்கு வாங்கிய புது கால்குலேட்டர் மைனஸ் 0.988 என்று காட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். – ஒரு தந்தை, சேலம்

கடைக்காரரை விட்டுவிடுங்கள், கால்குலேட்டர் நன்றாக இருக்கிறது. அது ரேடியன் முறையில் நிற்கிறது, 30 என்று நீங்கள் தட்டியதை 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. 30 ரேடியன் என்பது நான்கு முழுச் சுற்றுப் போய் அதற்கு மேல் சுமார் 279 டிகிரி. அந்த இடத்தில் சைன் மைனஸ் 0.988-தான். மோடு பொத்தானை அழுத்தி டிகிரிக்கு மாற்றினால் 0.5 வந்துவிடும். ஒருவேளை 0.454 என்று வந்தால் செங்கோணத்தை 100-ஆகப் பிரிக்கும் மூன்றாவது முறைக்குள் கை தவறிப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம், இன்னொரு தடவை மாற்றுங்கள்.

பையனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். கணக்கைத் தொடங்குவதற்கு முன் சைன் 30 தட்டிப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். கணினியில் எக்ஸெல், பைத்தான் எதில் போனாலும் சைனுக்குள் ரேடியனைத்தான் எதிர்பார்ப்பார்கள், அங்கே மோடு பொத்தானும் கிடையாது.

கேள்வி: சைக்கிள் கணக்கு ஒன்று. பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்கள், பின் சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. பெடல் நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிளின் வேகம் என்ன? கோண வேகம் 2π, அதை 0.35-ஆல் பெருக்கி நொடிக்கு 2.2 மீட்டர் என்று போட்டேன். தவறு என்கிறார்கள். – பிளஸ் ஒன் மாணவர், பாளையங்கோட்டை

நொடிக்கு 2.2 மீட்டர் என்றால் மணிக்கு 8 கி.மீ. கூட இல்லை. நொடிக்கு ஒரு மிதி மிதிப்பவரைப் பக்கத்தில் ஓடுகிறவர் முந்திக்கொண்டு போய்விடுவார். பேப்பரை மூடும் முன் இந்த மாதிரி ஒரு தடவை யோசித்தாலே பாதித் தவறுகள் மாட்டிக்கொள்ளும்.

நீங்கள் பெடலின் கோண வேகத்தை (நொடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறது என்பதை) நேராகப் பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். நடுவில் ஒரு செயின் இருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கையால் பெடலை மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பெடல் ஒரு சுற்று முடிப்பதற்குள் பின் சக்கரத்தின் காற்றடிக்கும் வால்வு இரண்டு முறை மேலே வந்துபோய், மூன்றாவது சுற்றில் பாதியை நெருங்கியிருக்கும். காரணம் எளிது. முன்னால் 44 பற்கள் நகர்ந்தால் செயினில் 44 கண்ணிகள் நகர்ந்தாக வேண்டும், செயின் நீளவும் நீளாது, சுருங்கவும் சுருங்காது. அந்த 44 கண்ணிகளும் பின்னால் 18 பல் சக்கரத்தின் மேல் ஏறி இறங்க வேண்டும், அப்போது அது 44/18 சுற்று, அதாவது 2.44 சுற்றுச் சுற்றியே தீரும்.

இப்போது கணக்கு: பெடலின் கோண வேகம் நொடிக்கு 2π ரேடியன். ஃப்ரீவீலின் கோண வேகம் 2π × 44/18, அதாவது 15.36 ரேடியன். பின் சக்கரம் அதே அச்சில் இருப்பதால் அதற்கும் இதே 15.36. டயர் விளிம்பின் வேகம் 0.35 × 15.36 = நொடிக்கு 5.38 மீட்டர், மணிக்கு 19.4 கி.மீ. தார் ரோட்டில் சாவகாசமாகப் போகிற ஒரு சைக்கிளுக்கு நம்பக்கூடிய வேகம்.

இந்த வகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இரண்டு சக்கரங்களும் எதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன? செயின், பெல்ட், கோத்துக்கொண்ட பற்கள் இவற்றால் இணைந்திருந்தால் விளிம்பின் நேர் வேகம் சமம், கோண வேகம் வேறு. ஒரே அச்சில் இருந்தால் கோண வேகம் சமம், விளிம்பு வேகம் வேறு. உங்கள் கணக்கில் இரண்டுமே வருகிறது, செயின் வழியாக ஒரு தாவல், அச்சு வழியாக இன்னொரு தாவல். மாவு மில்லில் மோட்டாரும் பெல்ட்டும் வரும் கணக்கும் இதே சைக்கிள்தான், தையல் மெஷினின் பெரிய சக்கரமும் சின்ன சக்கரமும் இதேதான். பரீட்சைத்தாளில் பெயர் மட்டும் மாறும்.

அப்புறம், கணக்கில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கொடுத்திருந்தால் அதை அப்படியே கோண வேகமாக வைத்துப் பெருக்கிவிடாதீர்கள். ஒரு சுற்றுக்கு 2π, ஒரு நிமிடத்துக்கு 60 நொடி, இரண்டும் உள்ளே வர வேண்டும். அவசரத்துக்குச் சரிபார்க்க, ஆர்.பி.எம்.மைப் பத்தால் வகுத்தால் வருவது ஏறக்குறைய நொடிக்கு எத்தனை ரேடியன் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். துல்லியமாகச் சொன்னால் 9.55-ஆல் வகுக்க வேண்டும்.

கேள்வி: வில்லின் நீளம் = ஆரம் × கோணம் என்கிறோம். இடப்பக்கம் மீட்டர். வலப்பக்கம் மீட்டர் × ரேடியன். ரேடியன் எங்கே காணாமல் போனது என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி இல்லை. – ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

நல்ல மாணவி. காணாமல் போகவில்லை, முதலிலிருந்தே அங்கே அலகு என்று எதுவும் இருக்கவில்லை. வில் மீட்டரில், ஆரம் மீட்டரில், ஒன்றை மற்றதால் வகுத்தால் வெறும் எண். அந்த எண் ஒரு கோணத்தைக் குறிக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிவதற்காகப் பக்கத்தில் ரேடியன் என்று எழுதி வைக்கிறோம். நீளத்தைக் கண்டுபிடிக்கும்போது அதை எடுத்துவிடலாம், நீளத்திலிருந்து கோணத்துக்கு வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். நேர் வேகம் = ஆரம் × கோண வேகம் என்பதிலும் இதே கதைதான்.

இதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்று அந்த மாணவியிடம் சொல்லுங்கள். 1960-இல் சர்வதேச அலகு முறை வந்தபோது ரேடியனை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் "துணை அலகு" என்று தனியாக ஒரு பெட்டி போட்டு அதில் வைத்தார்கள். 1995-இல்தான் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, இது மீட்டரை மீட்டரால் வகுத்த வழி அலகு என்று தீர்த்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருஷம்!

கேள்வி: பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்கிறான் என் பேரன். நாளெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சுற்றுச் சுற்றும் பொருளுக்கு அவ்வளவு வேகமா? அப்படியென்றால் நமக்கு ஏன் தெரியவில்லை? – ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மயிலாடுதுறை

நீங்கள் சொல்வதும் சரி, பேரன் சொல்வதும் சரி. நீங்கள் கோண வேகத்தைப் பார்க்கிறீர்கள், அவர் நேர் வேகத்தைச் சொல்கிறார். கோண வேகத்தில் பூமி ரொம்பச் சோம்பேறி. கடிகாரத்தின் சின்ன முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, பூமி அதில் பாதி வேகம்தான். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 நொடி, அதாவது நொடிக்கு 0.0000729 ரேடியன். ஆனால் இதைப் பெருக்க வேண்டிய ஆரம் 6,378 கிலோமீட்டர். பெருக்கினால் நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர், மணிக்கு 1,674 கி.மீ.

மயிலாடுதுறைக்கு இது கொஞ்சம் குறையும். அங்கே நீங்கள் சுற்றும் வட்டத்தின் ஆரம் பூமியின் மையத்துக்கு உள்ள தூரம் இல்லை, சுழலும் அச்சுக்கு உள்ள தூரம். அதனால் பூமியின் ஆரத்தை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். உங்கள் ஊர் ஏறக்குறைய 11.1 டிகிரி வடக்கு, அதன் கொசைன் 0.981, வேகம் மணிக்கு சுமார் 1,643 கி.மீ. துருவத்தில் நின்றால் பூஜ்யம், நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருப்பீர்கள். இந்த இலவச வேகத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவுகிறார்கள், புறப்படும்போதே நொடிக்கு 450 மீட்டர் கையில் இருக்கிறது.

ஏன் தெரியவில்லை என்றால், உடம்புக்கு வேகம் உறைக்காது, வேகம் மாறுவதுதான் உறைக்கும். பஸ் பிரேக் போடும்போதும் திருப்பத்தில் வளையும்போதும்தானே கம்பியைப் பிடிக்கிறோம். பூமியின் வளைவால் வரும் முடுக்கம் நிலநடுக்கோட்டிலேயே புவியீர்ப்பில் ஏறக்குறைய 290-இல் ஒரு பங்குதான். 60 கிலோ ஆளுக்கு எடையில் 200 கிராம் அளவுக்குக் குறையும், அதை யார் கவனிக்கப் போகிறார்கள்.

கேள்வி: வில்லின் நீளம் பரீட்சைக்கு வெளியே எங்கேயாவது உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறதா? – பி.எஸ்சி. மாணவர், சென்னை

மெட்ரோவில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். 1802-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்துதான் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு சுமார் ஏழரை மைல். அந்த ஒரே ஒரு நீளம் கையில் வந்ததும் மற்றதெல்லாம் முக்கோணங்கள், கோணத்தை அளந்தால் போதும். வடக்கு தெற்காக ஒரு பெரிய வில்லின் நீளத்தை நிலத்தில் இப்படிக் கண்டுபிடிப்பது, அதன் இரு முனைகளிலும் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை வித்தியாசத்தை எடுப்பது, நீளத்தைக் கோணத்தால் வகுத்தால் ஆரம். உங்கள் பாடப்புத்தகக் கணக்கேதான், வட்டம் மட்டும் பூமி.

இவ்வளவு பாடுபடக் காரணம் இருந்தது. பூமி துல்லியமான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. ஒரு டிகிரி வில்லின் நீளம் நிலநடுக்கோட்டருகே 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7 கி.மீ. இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால் கோணத்தில் ஒரு விகலைகூடப் பிசகக் கூடாது. ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு, ரேடியனில் 2,06,265-இல் ஒரு பங்கு. 50 கி.மீ. தள்ளி இருக்கும் குறியைப் பார்க்கும்போது அவ்வளவு பிசகினாலே கால் மீட்டர் நகர்ந்துவிடும். அதற்காகத்தான் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைக் காளை வண்டியிலும் ஆள் தோளிலும் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, கோணம் பொறித்த வட்டமே நெளிந்துபோனது. லாம்ப்டன் உட்கார்ந்து நிமிர்த்தி, திரும்பவும் அளக்கப் போனார்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். சென்னை 13.08 டிகிரி, கன்னியாகுமரி 8.08 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி, அதாவது 0.0873 ரேடியன். 6,371 கி.மீ. ஆரத்தால் பெருக்கினால் 556 கி.மீ. ரயிலில் போனால் 700-க்கு மேல் வருகிறதே என்று கேட்காதீர்கள், இது நேர் தெற்கே மட்டும் எவ்வளவு என்ற கணக்கு. கன்னியாகுமரி மேற்கேயும் தள்ளி இருக்கிறது, தண்டவாளம் வேறு திருச்சி மதுரை என்று வளைந்து போகிறது.

கேள்வி: சீலிங் ஃபேன் இறக்கையின் நுனியில் மட்டும் தூசி அப்பிக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் நுனி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தோன்றியது. எப்படிக் கணக்குப் போடுவது? – எலக்ட்ரீஷியன், கோவை

1,200 மி.மீ. ஃபேன் என்றால் ஆரம் 0.6 மீட்டர். நிமிடத்துக்கு 360 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 6 சுற்று, 37.7 ரேடியன். நுனி வேகம் நொடிக்கு 22.6 மீட்டர், மணிக்கு 81 கி.மீ. மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும் இடம் அதே நேரத்தில் மணிக்கு 20 கி.மீ.தான் போகிறது. ஏணியில் நின்றுகொண்டு ஃபேனைத் தொடுகிற வேலை உங்களுடையது, அந்த 81-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஸ் வைப்பர் கணக்கில் வைப்பர் தண்டின் நீளம் 50 செ.மீ., ரப்பர் 40 செ.மீ., 120 டிகிரி திரும்புகிறது, துடைக்கும் பரப்பு என்ன என்கிறார்கள். ஆரம் 40-ஆ 50-ஆ? – பிளஸ் ஒன் மாணவி, கரூர்

இரண்டும் இல்லை, இரண்டு ஆரங்கள் வேண்டும். ரப்பர் தண்டின் வெளி நுனியில் முடிகிறது, உள்பக்கம் 10 செ.மீ.க்கு வெறும் தண்டு, அது எதையும் துடைப்பதில்லை. பெரிய வட்டக்கோணப்பகுதியிலிருந்து சின்னதைக் கழியுங்கள். பரப்பு = ½ × கோணம் × ஆரத்தின் வர்க்கம், கோணம் ரேடியனில் 2π/3. வர்க்கங்களின் வித்தியாசம் 2500 கழித்தல் 100, 2400. விடை 800π, சுமார் 2,513 சதுர செ.மீ. விடைத்தாளில் 120-ஐ நேராகப் போட்டிருந்தால் 1,44,000 வந்திருக்கும். அது பதினான்கு சதுர மீட்டருக்கு மேல், பஸ்ஸின் முன்பக்கம் முழுவதையும் துடைத்துவிடலாம்.